கேள்வி ஞானத்தால் ரெக்கார்டர்: சிறு குழந்தைகளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

ஆறு முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு, இசைக்குறியீடு எதையும் காட்டாமல், காதால் கேட்டே ரெக்கார்டர் (வாயில் வைத்து நேராக ஊதும் குழல் வகைக் கருவி) வாசிக்கச் சொல்லித்தர முடியுமா, முடியுமென்றால் எந்தச் சுரத்தில் தொடங்குவது, இப்படிப் பழகியவர்கள் பின்னாளில் குறியீட்டைப் படிக்கத் திணறுவார்களா என்பது கேள்வி.

முடியும். இந்த வயதில் அதுவே இயல்பான வழி என்றும் சொல்வேன். ஆனால் ரெக்கார்டர் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. காதுக்கு எந்த வேலையும் கொடுக்காமலே வாசித்துவிடக்கூடிய கருவி இது. வயலினில் விரல் ஒரு நூலிழை விலகினாலும் சுரம் பிசகும் என்பதால், கற்பவர் கேட்டுத் திருத்திக்கொண்டே தீர வேண்டும். புல்லாங்குழலில் உதட்டின் கோணம் அமையாவிட்டால் ஒலியே எழாது. ரெக்கார்டரிலோ, ஊதும் காற்றை வாய்ப்பகுதியில் உள்ள குறுகிய பாதையே ஒரு கூர்விளிம்பின்மேல் செலுத்திவிடுகிறது. எனவே யார் ஊதினாலும் ஒலி வரும், எந்தத் துளைகளை மூடுகிறோமோ அதற்குரிய சுரமும் ஏறக்குறையச் சரியாகவே வரும். விரல்களின் வரிசையை மட்டும் மனப்பாடம் செய்த குழந்தை, தான் வாசித்த பாட்டை ஒரு முறைகூடக் கேட்காமலே முழுப் பாட்டையும் வாசித்து முடித்துவிட முடியும். கேள்வி ஞானத்தால் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் வகுப்புகள் பலவற்றில் உண்மையில் நடப்பது, ஆசிரியரின் விரல்களைக் கண்ணால் பார்த்து அப்படியே வைப்பதுதான். அது பார்வைக் கல்வி. அதனால் நான் பின்பற்றச் சொல்லும் முறை முழுவதும் ஒரே ஒழுங்கின்மேல் நிற்கிறது: சுரம் முதலில் தொண்டைக்கு வர வேண்டும், அதன் பிறகே விரல் அதைத் தேட வேண்டும், அந்தத் தேடலில் கண்ணுக்கு இடமிருக்கக் கூடாது.

இது இக்கருவிக்குப் புதிய வழியும் அல்ல. 17ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில் வாழ்ந்த யாக்கோப் ஃபான் எய்க் பிறவியிலேயே பார்வையற்றவர். ஊரார் அறிந்த மெட்டுகளை எடுத்துக்கொண்டு, அவற்றை மேலும் மேலும் அலங்கரித்து, தேவாலயத்தின் முற்றத்தில் உலாவ வருவோருக்கு ரெக்கார்டரில் வாசித்துக் காட்டினார். அவருடைய வாசிப்பு பின்னர் அச்சேறியது. தனி ரெக்கார்டருக்காக வெளிவந்த தொகுப்புகளில் இன்றும் அதுவே தலையாயதாக இருக்கிறது. தெரிந்த பாட்டை எடுத்து, கருவியில் தேடிக் கண்டுபிடித்து, பிறகு அதை மாற்றிப் பார்ப்பது என்ற அவருடைய வழியைத்தான் குழந்தைகளுக்கும் சிறிய அளவில் நாம் அமைத்துக்கொடுக்கிறோம்.

முதல் சில வகுப்புகளில் முழுக் கருவியைக் கொடுக்க வேண்டாம். தலைப்பகுதியை மட்டும் கழற்றிக் கொடுங்கள். அதன் அடிமுனையைத் திறந்து ஊதினால் உயர்ந்த சுரம் ஒன்றும், உள்ளங்கையால் மூடி ஊதினால் வெகுவாகத் தாழ்ந்த சுரம் ஒன்றும் வரும். முனைக்குள் விரலை மெல்ல நுழைத்து இழுத்தால் சுரம் வழுக்கிக்கொண்டு ஏறி இறங்கும். இந்த இரண்டு சுரங்களே எதிரொலி விளையாட்டுக்குப் போதும். நீங்கள் திரும்பி நின்று "உயர்வு, உயர்வு, தாழ்வு" என ஒரு தாளத்தில் ஊதுங்கள், குழந்தை திருப்பி ஊதட்டும். மூச்சின் அளவும் நாக்கின் வேலையும் இங்கேயே பழகிவிடும். "து" என்று மெல்லச் சொல்லும்போது நாக்கின் நுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொட்டு விலகுகிறதல்லவா, ஒவ்வொரு சுரத்தையும் அந்தத் தொடுகையால் தொடங்கச் சொல்லுங்கள். கன்னத்தை உப்பி ஊதவோ, ஒவ்வொரு சுரத்துக்கும் மூச்சைத் தனித்தனியாக வெட்டவோ விடாதீர்கள். மூச்சு ஒரே ஓட்டமாகச் செல்ல, நாக்கு மட்டும் அதைத் துண்டாக்க வேண்டும்.

இந்தக் கட்டத்திலேயே தெளிவாகிவிட வேண்டிய இன்னொன்று உண்டு. சிறு குழந்தைகள் உயர்ந்த சுரத்தையும் உரத்த ஒலியையும் ஒன்றாகவே எண்ணிக்கொள்வார்கள். இன்னும் மேலே போ என்றால் இன்னும் பலமாக ஊதுவார்கள். ரெக்கார்டரில் பலமாக ஊதினால் சுருதி உண்மையிலேயே கொஞ்சம் ஏறும், ஒரு எல்லையைத் தாண்டினால் கீச்சென்று வேறு ஸ்தாயிக்கு, அதாவது மேலுள்ள சுர அடுக்குக்கு, தாவும். ஆகவே அவர்களுடைய குழப்பத்தைக் கருவியும் சேர்ந்து உறுதிப்படுத்திவிடும். உயர்ந்த சுரத்தை மெதுவாகவும், தாழ்ந்த சுரத்தைச் சற்று நிறைவாகவும் குரலில் பாடிக் காட்டிப் பிரித்துணர்த்துவது, பிறகு வரப்போகும் பல தொல்லைகளை முன்கூட்டியே குறைக்கும்.

பாடிக் காட்டும்போது ஸ்தாயியைக் கவனியுங்கள். குழந்தைகள் வாசிக்கும் சிறிய, உயர்ந்த குரலுள்ள சொப்ரானோ ரெக்கார்டரின் மிகத் தாழ்ந்த சுரமான சி (மேற்கத்திய முறையில் சுரங்களின் பெயர்கள் ஏ முதல் ஜி வரையான எழுத்துகள்), வினாடிக்கு ஏறத்தாழ 523 அதிர்வுகள் கொண்டது. இடக்கையின் இரண்டு விரல்களும் கட்டைவிரலும் மூடித் தரும் ஏ, 880 அதிர்வுகள் கொண்டது. குழந்தை இயல்பாகப் பாடும் ஏ 440 அதிர்வுகள் கொண்டது, அதாவது கருவிக்கு ஒரு ஸ்தாயி கீழே. அந்த இடைவெளியைப் பெரும்பாலான குழந்தைகள் தாமாகவே இட்டு நிரப்பிக்கொள்கிறார்கள். ஆண் ஆசிரியர் தம் இயல்பான குரலில் பாடினால் அது கருவிக்கு இரண்டு ஸ்தாயி கீழே இறங்கிவிடும்; அதைப் பின்பற்ற முடியாமல் தவிக்கும் குழந்தையைக் காது சரியில்லாத குழந்தை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட ஆசிரியர்கள் மாதிரியை ரெக்கார்டரிலேயே வாசித்துக் காட்டலாம், அல்லது நன்றாகப் பாடும் வேறொரு குழந்தையைப் பாடச் சொல்லலாம்.

இனி முதல் சுரங்கள். பெரும்பாலான பாடப் புத்தகங்கள் பி, ஏ, ஜி என்ற மூன்றில் தொடங்குகின்றன. ஆள்காட்டி விரல், அதனுடன் நடுவிரல், அதனுடன் மோதிர விரல் என்று விரல்கள் ஒவ்வொன்றாகச் சேர்வதால் கைக்கு அது எளிது. காதுக்கு அவ்வளவு எளிதல்ல. அடுத்தடுத்த சுரங்கள் ஒன்றுபோலவே ஒலிப்பதால், எது எது என்று சொல்லப் புதிய காது தடுமாறும். ஹங்கேரிய இசையறிஞர் ஸோல்டான் கோடாயின் வழிவந்த ஆசிரியர்கள் சிறு குழந்தைகளுக்கு ஓர் இடைவெளிவிட்டு இறங்கும் இரண்டு சுரங்களோடு பாட்டைத் தொடங்குவது வழக்கம்; நம் ஸ்வரங்களில் சொன்னால் பஞ்சமத்திலிருந்து அந்தர காந்தாரத்துக்கு இறங்கும் இடைவெளி அது. விளையாட்டில் தோழனைக் கூப்பிடும்போதும், "நானில்லையே" என்று இழுத்துச் சொல்லும்போதும் குழந்தைகளின் குரலில் தானாகவே வந்துவிடும் இடைவெளி.

ரெக்கார்டரில் அந்த இடைவெளியை மிகச் சுலபமாகத் தருவது சி, ஏ என்ற இணை. கட்டைவிரலும் நடுவிரலும் மட்டும் மூடியிருந்தால் மேல் சி. அப்படியே ஆள்காட்டி விரலைக் கீழே வைத்தால் ஏ. ஒரே விரல் அசைந்தால் போதும், இரண்டு சுரங்களும் ஒன்றோடொன்று குழம்பாத தொலைவில் கிடைக்கின்றன. மேல் டி, பி என்ற இணையும் அதே இடைவெளிதான், ஆனால் டி வாசிக்கும்போது நடுவிரல் ஒன்றைத் தவிர இடக்கை முழுவதும் கருவியை விட்டு விலகிவிடுகிறது. சிறு கைகளில் குழல் ஆடத் தொடங்கிவிடும். அதனால் டியைப் பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம். சி, ஏ இரண்டையும் வைத்து ஒரு வாரம் முழுவதும் விளையாடலாம். குழந்தையின் பெயரை இரண்டு சுரத்தில் கூப்பிட்டால் அவள் அதையே குழலில் கூப்பிட்டுப் பதில் தரட்டும். கண்ணை மூடச் சொல்லி ஒரு சுரத்தை மட்டும் ஊதி, அது எது என்று விரலால் காட்டச் சொல்லலாம். பிறகு மோதிர விரலைச் சேர்த்து ஜி, அதன் பின் பி என்று நான்கு சுரம் சேர்ந்துவிட்டால் குழந்தைப் பாட்டுகளில் கணிசமானவை கைக்குள் வந்துவிடும்.

ஒரு புதிய சுரத்தொடரைக் கற்பிக்கும்போது வரிசை இப்படி அமையட்டும். நீங்கள் வாசிக்கிறீர்கள், குழந்தை கேட்கிறது, பிறகு அதை ஏதாவது ஓர் அசையில் பாடுகிறது, பிறகு குழலின் வாய்ப்பகுதியை மோவாயில் சாய்த்துக்கொண்டு, பாடியபடியே விரல்களை வைத்துப் பார்க்கிறது, கடைசியில்தான் ஊதுகிறது. இவற்றுள் மோவாயில் வைத்துப் பார்ப்பதைத்தான் அவசரத்தில் எல்லோரும் தாண்டிப்போகிறார்கள். அங்கேதான் காதில் இருக்கும் சுரத்துக்கும் விரலுக்கும் முடிச்சு விழுகிறது. ஒலி வராததால் தவறுக்கு வெட்கமில்லை, பக்கத்திலிருப்பவர்களுக்கும் இரைச்சலில்லை. நீங்கள் வாசிக்கும்போது உங்கள் கை குழந்தைக்குத் தெரியாதபடி முதுகைக் காட்டி அமருங்கள், அல்லது ஒரு துணியைக் கையின்மேல் போட்டுக்கொள்ளுங்கள். எதிரெதிராக உட்கார்ந்தால் இன்னொரு கேடும் உண்டு. கண்ணாடிப் பிம்பம்போல் பார்த்து வலக்கையை மேலே வைத்துப் பழகிவிடுவார்கள். இடக்கை மேலே, வலக்கை கீழே என்பதை முதல் நாளிலேயே கண்டிப்பாகப் பழக்கிவிட வேண்டும், ஏனென்றால் கீழ்த்துளைகளுக்கு வரும்போது மாற்றுவது பெரும்பாடு.

தவறான சுரம் வந்தால், "அது ஏ இல்லை, ஜி" என்று சொல்லிவிடாதீர்கள். சொன்ன கணமே காது வேலையை நிறுத்திக்கொண்டு விரல் உத்தரவுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிடும். மறுபடி பாடச் சொல்லுங்கள். பாடியது சரியாக இருந்தால், "நீ பாடியதும் குழல் பாடியதும் ஒன்றா, குழல் மேலே போயிற்றா, கீழே போயிற்றா?" என்று மட்டும் கேளுங்கள். பாடியதே வேறாக இருந்தால் சிக்கல் விரலில் இல்லை. மாதிரியை இன்னும் குட்டையாக்கி மறுபடி கேட்கவைக்க வேண்டும். இதில் ஆசிரியருக்கு வேண்டியது பொறுமையைவிட வாயைக் கட்டுப்படுத்தும் பழக்கம்தான்.

ஆனால் எல்லாத் தவறும் காதின் தவறல்ல. சரியான விரலை வைத்தும் துளையின் ஓரத்தில் நூலளவு இடைவெளி இருந்தால் குழல் கீச்சிடும், அல்லது எதிர்பாராத சுரம் ஒன்றைத் தரும். கேட்டுத் தேடும் குழந்தை, தான் தேர்ந்த விரல் தப்பு என்று எண்ணி, சரியான இடத்தை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவாள். ஆகவே கீச்சொலி வந்தால் அது காற்றுக் கசிவு என்பதையும், தெளிவாக ஒலித்துப் பாட்டோடு பொருந்தாமல் நிற்பதே தவறான சுரம் என்பதையும் தனியாகப் பழக்குங்கள். விரல் நுனியால் இல்லாமல் அதன் சதைப்பகுதியால் மூட வேண்டும். வாசித்து முடித்ததும் விரலில் துளையின் வட்ட அச்சு முழுதாகப் பதிந்திருக்கிறதா என்று குழந்தையே பார்த்துக்கொள்ளலாம். குளிர்ந்த குழலில் மூச்சின் ஈரம் படிந்து காற்றுப்பாதை அடைபட்டாலும் ஒலி மங்கும். முன்கூட்டியே தலைப்பகுதியைக் கைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொண்டால் அது குறையும்.

இரண்டு குழந்தைகளோ, ஆசிரியரும் குழந்தையுமோ ஒரே சுரத்தைச் சேர்ந்து வாசிப்பது, இக்கருவியில் காதைத் தீட்டுவதற்கு நான் அறிந்தவற்றில் சிறந்த பயிற்சி. ஒருவர் 880 அதிர்விலும் மற்றவர் கொஞ்சம் பலமாக ஊதி 884 அதிர்விலும் வாசித்தால், ஒலி வினாடிக்கு நான்கு முறை விம்மி விம்மித் தணியும். மூச்சைச் சற்றே தளர்த்தினால் விம்மல் மெதுவாகி, சுருதி சேர்ந்ததும் நின்றுபோகும். ஆறு வயதுக் குழந்தைக்கும் இது தெளிவாகக் கேட்கும். சுருதி என்பதை விளக்கத் தனிச் சொற்பொழிவு தேவைப்படாது. ஒருவர் சியும் மற்றவர் ஏயும் நீட்டி ஊதினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான ஏறத்தாழ 167 அதிர்வு அளவில், யாரும் வாசிக்காத ஒரு தாழ்ந்த ரீங்காரம் காதுக்குள் கேட்கும். குழந்தைகள் அதை ஒரு மாயவித்தையாகவே கொண்டாடுவார்கள். அதைக் கேட்பதற்காகவே நீண்ட மூச்சில் ஆடாமல் ஊதப் பழகுவார்கள் என்பது நமக்குக் கிடைக்கும் உபரி லாபம்.

பாட்டைத் தேர்வதில் ஒரே விதிதான். குழந்தை அதை ஏற்கெனவே தப்பில்லாமல் பாட வேண்டும். வாசிக்கப்போகும் பாட்டை ஒரு வாரம் முன்பே பாடவும் கேட்கவும் விட்டுவிட்டு, பிறகு, "இது எந்தச் சுரத்தில் வந்து முடிகிறது, கண்டுபிடி" என்று மட்டும் சொல்லுங்கள். முடியும் சுரம் கிடைத்துவிட்டால் மற்றவற்றை அதிலிருந்து எண்ணித் தேடலாம். தேடும்போது பின்னணியில் ஜி சுரத்தை நீட்டி ஒலிக்கவிட்டால், பொருந்துவதும் பொருந்தாததும் உடனே தெரியும்.

வலக்கை விரல்கள் துளைகளை எட்டத் தொடங்கியதும், கீழ் ஈ, ஜி, ஏ, பி, மேல் டி என்ற ஐந்து சுரங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜியை ஸட்ஜமாகக் கொண்டால் இவை மோகன ராகத்தின் சுரங்கள்: ச, ரி, க, ப, அதோடு கீழ் த. அரைச்சுரம் எதுவும் இல்லாததால் எந்தச் சுரத்துக்குப் பின் எது வந்தாலும் உறுத்தாது. சொந்தமாக இட்டுக்கட்டி வாசிக்க இது பயமில்லாத களம். நீங்கள் ஏயில் முடியும் ஒரு கேள்வியை வாசியுங்கள், குழந்தை ஜியில் முடியும் ஒரு பதிலை வாசிக்கட்டும். என்ன பதில் என்பது அவள் விருப்பம். ஆரம்பத்தில் நீங்கள் வாசித்ததையே திருப்பித் தருவாள், அதையும் பதிலாகவே ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஒரு பாட்டு ஜியிலிருந்து நன்றாக வந்துவிட்டால், அதையே வேறு சுரத்திலிருந்து தொடங்கச் சொல்வது அடுத்த படி. ஜி, ஏ, பி என்ற மூன்று சுரப் பாட்டை ஏயிலிருந்து தொடங்கினால் குழந்தை ஏ, பி, சி என்று போவாள். மூன்றாவது சுரத்தில் முகம் சுளிக்கும். அந்தச் சுளிப்பைத்தான் நாம் எதிர்பார்த்துக் காத்திருக்கிறோம். "வேறு விரல் முயன்று பார்" என்று விட்டால், ஏ வாசிக்கும் விரல்களில் கட்டைவிரலை மட்டும் எடுக்கும்போது சி ஷார்ப் (சியைவிட அரைச்சுரம் உயர்ந்தது) ஒலிப்பதை ஒருநாள் கண்டுபிடித்துவிடுவாள். ஏயிலிருந்து ஆள்காட்டி விரலை எடுத்தால் சின்ன இடைவெளி, கட்டைவிரலை எடுத்தால் பெரிய இடைவெளி. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் உள்ள வேறுபாடு ஒரு கையின் இரண்டு விரல்களில் அடங்கிக் கிடக்கிறது. இதைத் தானே கண்டெடுத்த குழந்தைக்கு ஷார்ப் என்ற பெயரைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

இங்கேதான் கருவியின் வகையும் முக்கியமாகிறது. கடைகளில் பரோக் விரலமைப்பு, ஜெர்மன் விரலமைப்பு என இரு வகை கிடைக்கும். இரண்டாவது, 1920களில் ஜெர்மனியில் இசைக்கருவி செய்பவரான பீட்டர் ஹார்லன் பரப்பியது. எஃப் சுரத்தை வரிசையாக விரல் வைத்தே வாசிக்கலாம் என்பது அதன் கவர்ச்சி. விலையாக எஃப் ஷார்ப்பின் சுருதி கெடுகிறது. குறியீட்டைப் பார்த்து வாசிப்பவர் அதைக் கவனிக்காமலே போகலாம். கேட்டு வாசிக்கும் குழந்தைக்கு, தான் தேடும் சுரம் கருவியிலேயே சரியாக இல்லை என்பது பெரிய அநியாயம். பரோக் விரலமைப்பையே வாங்குங்கள். எஃப் கொஞ்சம் சிரமம்தான், ஆனால் அது வருவதற்குள் விரல்கள் வளர்ந்துவிடும்.

பாட்டு வரிகளுக்கு மேல் விரல் எண்களை எழுதிக் கொடுப்பதும், துளைகளில் வண்ணக் காகிதம் ஒட்டுவதும் எனக்கு உடன்பாடில்லை. அன்றைக்கு ஒரு பாட்டு விரைவாக வந்துவிடும் என்பது உண்மை. ஆனால் எண்ணைப் பார்த்து வாசிக்கும் குழந்தை கேட்பதுமில்லை, குறியீட்டைப் படிப்பதுமில்லை. இரண்டு திறமையும் வளராத ஓர் இடைவழி அது. நிறையக் குழந்தைகள் சேர்ந்திருக்கும் வகுப்பில் பாதிப் பேர் ஊத, மீதிப் பேர் மோவாயில் வைத்துப் பாடட்டும். ஒரே அறையில் இருபது சொப்ரானோ குழல்கள் ஒன்றாக ஒலித்தால் யாருக்கும் எதுவும் கேட்காது. வீட்டுப் பயிற்சிக்குத் தினமும் பத்து நிமிடம் போதும்.

குறியீட்டைப் பற்றிய அச்சத்துக்கு வருகிறேன். கேட்டு வாசிக்கத் தெரிந்த குழந்தை குறியீட்டை வெறுப்பதற்கு ஒரே காரணம்தான் நான் கண்டிருக்கிறேன். விரைவாக வாசிக்கத் தெரிந்த பாட்டுகளிலிருந்து இறக்கி, ஒற்றைச் சுரத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவைப்பது. அப்படிச் செய்யாமல், அவள் ஏற்கெனவே சரளமாக வாசிக்கும் சுரத்தொடர்களையே எழுதிக் காட்டி, "நீ வாசித்ததில் இது எது?" என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சி, ஏ இணையைக் கோடுகளில் பார்த்ததும் முழு வடிவமாக அடையாளம் கண்டுகொள்வாள். ஐந்தாறு சுரங்களில் தயங்காமல் தேடி வாசிக்கும் நிலை வந்த பிறகு, பெரும்பாலும் எட்டு வயதை ஒட்டி, இதைத் தொடங்கலாம். தொடங்கிய பிறகும் வகுப்பின் முதல் பாதி காதுக்கே இருக்கட்டும்.

கை பெரிதானதும், அளவில் பெரிய, தாழ்ந்த குரலுள்ள ஆல்டோ ரெக்கார்டருக்கு மாறும்போது இன்னொரு வசதி தெரியவரும். சொப்ரானோவில் ஜி தரும் அதே விரல்கள் ஆல்டோவில் சி தருகின்றன, எல்லாச் சுரங்களும் அதே அளவு இடம்பெயர்ந்திருக்கும். குறியீட்டை மட்டுமே நம்பி வந்தவர் ஒவ்வொரு சுரத்துக்கும் விரலைப் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். ஸட்ஜம் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தேடிப் பழகிய குழந்தைக்கு, தெரிந்த பாட்டுகளெல்லாம் பழைய விரல்களிலேயே கொஞ்சம் தாழ்ந்த குரலில் வந்துவிடும். ஏட்டில் எழுதியிருக்கும் சுருதியிலேயே வாசிக்க வேண்டுமென்றால் மட்டும் புதிய தொடக்கச் சுரத்தைத் தேட வேண்டியிருக்கும், அதை அவள் ஏற்கெனவே பலமுறை செய்திருப்பாள்.